எழுத்தாளரைக் கண்ட வாசகர்

ஒரு நூலைப் படித்துக் கருத்துக் கொண்டுவிட்ட வாசகர், அதை எழுதியவரை நேரில் கண்ட பிறகும் அதே கருத்தோடு இருப்பது அரிது. மதிப்பு ஏறலாம், இறங்கலாம். பிடிக்காதிருந்த நடை பிடித்துப்போகலாம். விரும்பிப் படித்த நூலை மறுபடி கையில் எடுக்கவே மனம் வராமல் போகலாம். நூலில் ஒரு புள்ளிகூட மாறியிராது. மாறுவது படிப்பவரின் செவி. அச்சிட்ட வரிகளுக்கு ஒரு குரல் வந்து சேர்ந்துவிடுகிறது. அதை விலக்கிவிட்டுப் படிப்பது பிறகு கைகூடுவதில்லை. இலக்கிய விமர்சனம் இந்த மாற்றத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கண்டாலும் வாசகரின் பலவீனம் என்று ஒதுக்கிவிடும். இதற்கான சான்றுகள் கிடப்பது நினைவு நூல்களில். தமிழில் அவ்வகை நூல்களுக்குக் குறைவில்லை.

அவற்றுள் மிக விரிவான சான்று உ.வே. சாமிநாதையர் தருவது. 1871-இல், தம் 17-ஆம் வயதில், தந்தையாரோடு மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைக் கண்டார். பிள்ளையின் புகழ் அதற்கு முன்பே அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. பாடம் கேட்ட இடங்களிலெல்லாம் அந்தப் பெயர் மரியாதையோடு உச்சரிக்கப்பட்டது. முதல் காட்சியை 'என் சரித்திரம்' அங்கம் அங்கமாக வரைகிறது: அசைந்து வரும் நடை, இளந்தொந்தி, நீண்ட கைகள், அகன்ற நெற்றி, சிறு குடுமி, தூய வெள்ளாடை. பரம்பரைச் செல்வரின் உருவம். முகத்தில் மட்டும் செல்வரின் பூரிப்பு இல்லை, ஆழ்ந்த அமைதி இருந்தது என்கிறார். நைடதத்திலிருந்து ஒரு பாட்டுச் சொல்லும்படி பிள்ளை கேட்டார். சொன்ன பிறகும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. படிக்க வந்தவர்கள் இடையிலேயே போய்விட்ட அனுபவம் அவருக்கு இருந்தது, அதனால் தயங்கினார்.

பாடம் பிள்ளையின் சொந்தப் பிரபந்தங்களிலிருந்தே தொடங்கியது. திரிபந்தாதி, யமக அந்தாதி முதலியவை தனியே உட்கார்ந்து படிப்பவருக்கு இரும்புக் கடலைதான். ஒரே எழுத்துக்கூட்டம் நான்கடியிலும் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வோரடியிலும் வேறு வேறாகப் பிரித்துப் பொருள் கொள்ள வேண்டும். எழுதியவரே எதிரில் அமர்ந்து சொல்லைப் பிரித்துக் காட்டும்போது அந்த முடிச்சு விளையாட்டாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய வியப்பு, பிள்ளை புதிய நூல் இயற்றுவதைக் காண்பது. அவர் வாயால் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவார். எழுதுகிறவரின் கைதான் சளைக்குமே தவிரப் பாட்டு நிற்காது. காப்பியத்தின் பகுப்பும் போக்கும் முன்கூட்டியே மனத்தில் அமைந்திருக்கும். திருப்பெருந்துறைப் புராணம் உருவானபோது ஏட்டில் எழுதும் வேலை சாமிநாதையருக்கே வாய்த்தது.

பிள்ளை இயற்றிய தலபுராணங்கள் மட்டும் 20-க்கு மேல். இன்றைய வாசகர்களில் அவற்றை விரும்பிப் படிப்பவர்கள் மிகச் சிலர். நாட்டுப் படலம், நகரப் படலம், தீர்த்த மகிமை என்று வகுத்த பாதையில் செல்லும் அந்தச் செய்யுட்களில் தனிக் குரலைத் தேடுகிறவர் ஏமாறுவார். சாமிநாதையர் அவற்றைப் படித்த விதம் வேறு. ஒவ்வொரு செய்யுளிலும் அது பிறந்த பொழுதும், சொன்ன வேகமும், சொன்னவரின் முகமும் அவருக்குச் சேர்ந்தே வந்தன. பிள்ளை 1876-இல் மறைந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1933, 1934 ஆண்டுகளில், சாமிநாதையர் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பிள்ளையின் புராணங்களைத் திறக்காதவர்கள்கூட அந்த வரலாற்றையும் 'என் சரித்திர'த்தையும் படித்துப் பிள்ளையை நேசிக்கிறார்கள். தமிழில் ஒரு புலவரின் புகழைப் பாட்டைக் காட்டிலும் மாணவரின் உரைநடை அதிகம் காப்பாற்றியிருக்கிறது என்றால் அது இவருடையதுதான். பிள்ளைக்கு இது பெருமையா குறையா என்பது வாதத்துக்குரியது.

இதே வாழ்க்கையில் எதிர்த்திசையில் இழுத்த இன்னொரு சந்திப்பும் உண்டு. 1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, புராணம் என்று பெரிய பட்டியல் வந்தது. முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்ற தொனியில் பேசிவிட்டு, பழைய நூல்களில் என்ன பழக்கம், சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார். 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததற்கு விதை அங்கே விழுந்தது. முதலியார் நூலாசிரியர் அல்லர், தேர்ந்த வாசகர். பெரும் புலவரோடு ஐந்தாண்டு பழகியதில் உருவான மதிப்பீட்டை ஒரு வாசகரின் கேள்வி அசைத்துவிட்டது. ஆனால் ஆசிரியரின் மேல் இருந்த பக்தி இம்மியும் குறையவில்லை. மனிதரைப் பற்றிய மதிப்பும் நூலைப் பற்றிய மதிப்பும் தனித்தனிக் கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தமிழில் தேட வேண்டியிருக்கும்.

சுப்பிரமணிய பாரதியின் கதையில் இந்த இரண்டு கணக்கும் கலந்துபோயின. அவர் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அந்தப் பத்தாண்டில் அவரைத் தேடி வந்தவர்களும் அண்டை வீட்டாரும் நண்பர்களும் எழுதி வைத்தவை ஒரு சிறு நூலகமே ஆகும். கனகசுப்புரத்தினம் என்ற பள்ளி ஆசிரியரின் அனுபவம் அவற்றுள் தனி வகை. பாரதியின் தேசிய கீதங்களை அவர் முன்பே பாடிவந்தார். தெருவில் ஒருவரை அடிக்கடி பார்த்து, ரவிவர்மா படத்துப் பரமசிவன்போல இருக்கிறாரே என்று வியந்தும் இருந்தார். இரண்டும் ஒரே ஆள் என்பது மட்டும் தெரியாது. வேணு நாயக்கர் வீட்டுக் கலியாணத்தில் பாடச் சொன்னபோது அவர் பாடியது பாரதியின் பாட்டு. கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தவர்களில் அந்தப் பரமசிவன் உருவமும் ஒன்று. பாடி முடித்த பிறகே, இவர்தான் அதை எழுதியவர் என்று நாயக்கர் தெரிவித்தார்.

பாட்டைப் பாட்டாகவே மதித்துவிட்டு, அதன் பிறகு ஆளைக் கண்ட நிகழ்ச்சி இது. பெரும்பாலான சந்திப்புகளில் பெயரும் புகழும் முன்னே வந்து நின்று கண்ணை மறைக்கும். இங்கே அவற்றுக்கு இடமே கிடைக்கவில்லை. கனகசுப்புரத்தினம் முறையாகத் தமிழ் பயின்ற புலவர். கடினமான நடையே புலமை என்ற எண்ணம் அக்காலத்தில் புலவர் எல்லோருக்கும் பொது. பாரதியோடு பழகிய பின் அவருடைய நடை எளிமைக்குத் திரும்பியது. பாரதியின் முன்னிலையில் அவர் எழுதிக் காட்டிய சக்திப் பாடலை, தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்ற குறிப்போடு பாரதி 'சுதேசமித்திர'னுக்கு அனுப்பினார். பாரதிதாசன் என்ற பெயரைச் சூடிக்கொண்டது பிற்பாடு. அப்பெயரைச் சுமந்தவர் பின்னாளில் பகுத்தறிவு இயக்கத்துக்குப் போய், பாரதி பாடிய தெய்வங்களை விட்டு விலகிய பிறகும் பெயரை மாற்றவில்லை. கொள்கையில் முரண்பட்ட நூலையும் அவர் விடாமல் நேசித்ததற்கு நேரில் பழகிய பாசம் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

வ.ரா. என்ற வ. ராமசாமி ஐயங்கார் வந்த வழி வேறு. கொடியாலம் ரங்கசாமி ஐயங்காரின் சார்பில் அரவிந்தரைக் காணப் புதுச்சேரி போனவர், அங்கே பாரதியைக் கண்டார். படித்த இளைஞர்களின் அந்நாளைய வழக்கப்படி ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கினார். தமிழனும் தமிழனும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் நிலையைப் பாரதி தாங்கிக்கொள்ளவில்லை என்பது வ.ரா.வின் நூலில் பதிவாகியிருக்கிறது. அந்தச் சந்திப்பில் பட்ட சூடு ஆறவே இல்லை. தமிழ் உரைநடையில் பேச்சுத் தமிழின் வேகத்தைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவராக வ.ரா. வளர்ந்தார், 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி'யின் மூவரில் ஒருவராக இருந்து இளம் எழுத்தாளர்களைத் தூக்கிவிட்டார். பாரதியின் பாட்டு அவருக்கு நூலில் உள்ள பாட்டாக இருந்ததே இல்லை. அதை எழுதியவரின் நிமிர்ந்த மார்பும் மீசையும் சிரிப்பும் கோபமும் சேர்ந்த ஒன்றாக இருந்தது.

மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் பாரதி வீட்டில் ஓடியாடிய சிறுமி. 1954-இல் வெளிவந்த அவருடைய 'பாரதி நினைவுகள்' நூலில், எந்தப் பாட்டு எந்தப் பேச்சைத் தொடர்ந்து பிறந்தது, அதைப் பாரதி எப்படிப் பாடிக் காட்டினார், பாரதியின் மனைவி செல்லம்மா என்ன சொன்னார் என்பவை வருகின்றன. இவ்வகைச் செய்திகளால் வாசகருக்கு லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. பாட்டு பிறந்த வீடும் வேளையும் தெரிந்துவிட்டால் அது அந்த வீட்டோடு கட்டுண்டுபோகிறது. யாருக்கும் உரியதாயிருந்த வரி, குறிப்பிட்ட ஒரு மாலைக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. மறுபக்கம், பாட்டில் உள்ள ஆவேசம் பாவனையா உண்மையா என்று சந்தேகிப்பவருக்கு யதுகிரியின் பக்கங்கள் பதில் சொல்கின்றன. ஒரு குழந்தையின் முன் யாரும் பத்தாண்டு காலம் வேஷம் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

இந்தக் குரலின் மயக்கத்தை முதலில் வெளிப்படையாகச் சொன்னவர் வ.வே.சு. ஐயர். 'கண்ணன் பாட்டு' 1917-இல் பரலி சு. நெல்லையப்பரால் வெளியிடப்பட்டது, 1919-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு ஐயர் முன்னுரை எழுதினார். புதுச்சேரிக் கடற்கரையில், நிலவில், புதிதாக இயற்றிய பாட்டைக் கவி தம் கம்பீரக் குரலில் தாமே பாடக் கேட்டவர்கள் ஒவ்வொரு பாட்டையும் மாணிக்கமாக மதிப்பார்கள் என்பது அம்முன்னுரையில் அவர் சொல்லும் கருத்து. நண்பருக்கு எழுதிய பாராட்டுத்தான். ஆனாலும் அதில் ஓர் ஒப்புதல் பதுங்கியிருக்கிறது. கேட்டவர்களின் மதிப்பு ஒன்று, கேளாதவர்கள் கையில் நூல் மட்டுமே இருக்கும்போது வரும் மதிப்பு வேறொன்று. ஐயர் கம்பனையும் மில்டனையும் எடைபோடத் தெரிந்த விமர்சகர். அப்படிப்பட்டவரே குரலை எடையில் சேர்த்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் வில்லியம் ஹாஸ்லிட் இதையே எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறார். 1798 ஜனவரியில், 19 வயது இளைஞராக, சேற்றுப் பாதையில் 10 மைல் நடந்து ஷ்ரூஸ்பரி தேவாலயத்தில் கோல்ரிட்ஜின் பிரசங்கத்தைக் கேட்டார். சில நாளில் கோல்ரிட்ஜ் அவர் வீட்டுக்கே வந்தார். திரும்பிப் போகும்போது ஹாஸ்லிட் 6 மைல் கூடவே நடந்து வழியனுப்பினார். அதே ஆண்டு நெதர் ஸ்டோவிக்குப் போய்க் கோல்ரிட்ஜுடன் தங்கினார். அங்கே வேர்ட்ஸ்வொர்த்தையும் கண்டார். அவ்வாண்டே நூலாக வெளிவந்த 'லிரிக்கல் பாலட்ஸ்' கவிதைகள் கையெழுத்துப் படியாக இருந்தபோதே வாசிக்கக் கேட்டார். இருவரும் வாசிக்கும்போது ஒருவித ராகம் இருந்தது, அது கேட்பவரை வசியப்படுத்தித் தீர்ப்புச் சொல்லும் திறனைப் பறித்துவிடுகிறது என்று 1823-இல் எழுதிய நினைவுக் கட்டுரையில் குறித்தார். வ.வே.சு. ஐயர் கண்ட அதே உண்மைதான். ஐயர் அதைப் பேறாகக் கண்டார், ஹாஸ்லிட் ஆபத்தாகவும் கண்டார்.

ஹாஸ்லிட் சொல்லும் இன்னொரு செய்தி வாசகர் மனம் வேலை செய்யும் விதத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கூட நடந்தபோது கோல்ரிட்ஜ் பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாறி மாறி நடந்தார். அப்போது அது விசித்திரமான பழக்கமாக மட்டும் பட்டது. பிற்பாடு கோல்ரிட்ஜ் தம் இளமைக்கால அரசியல் கொள்கைகளை விட்டு விலகியபோது, நேர்கோட்டில் நிற்க முடியாத மனத்தின் அடையாளமாக அதே நடை அவருக்குப் பொருள்பட்டது. 1816-இல் கோல்ரிட்ஜின் நூல்களை ஹாஸ்லிட் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆனால் 1818-இல் ஆங்கிலக் கவிஞர்களைப் பற்றிய சொற்பொழிவுகளை முடிக்கும்போது, மேதை என்ற சொல்லுக்குப் பொருந்தியவராகத் தாம் அறிந்த ஒரே மனிதர் கோல்ரிட்ஜ் என்று சொன்னார். நூலைத் தாக்கியவரே மனிதரைத் தொழுதார். அந்தத் தாக்குதலின் கடுமைக்கும் காரணம் பழைய சந்திப்புத்தான். அன்று நேரில் கேட்டது எதுவும் அச்சில் வரவில்லையே என்ற ஆத்திரம் அதில் இருக்கிறது.

பாரதி விஷயத்தில் கேட்டவர்களுக்கும் படித்தவர்களுக்கும் இடையிலான பிளவு 1930-களில் வெளிப்படையாக வெடித்தது. பாரதியை உலகக் கவிகளோடு வைத்து வ.ரா. பேசினார். 'ஆனந்த விகடன்' ஆசிரியராயிருந்த கல்கி, பாரதி சிறந்த தேசிய கவி என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் ஏற்றுவதை மறுத்தார். வ.ரா.வின் பக்கம் வேகம் இருந்தது, அன்பு இருந்தது. எதிரியை வாயடைக்கும் சான்று போதவில்லை. கண்டவர் சொல்லும் சாட்சி, காணாதவரைக் கட்டுப்படுத்தாது. அந்தக் குறையை நிரப்ப வந்தவர்கள் கு.ப. ராஜகோபாலனும் பெ.கோ. சுந்தரராஜன் என்ற சிட்டியும். 1937-இல் வெளிவந்த 'கண்ணன் என் கவி'யில் பாடல்களை எடுத்துவைத்துக் கவிதை என்றால் என்ன என்ற கேள்வியிலிருந்து வாதத்தைக் கட்டினார்கள். பாரதி மறைந்தபோது சிட்டிக்கு 11 வயது. கடற்கரை நிலவும் கம்பீரக் குரலும் அவருக்கு இல்லை. அச்சுப் புத்தகம் இருந்தது. மகாகவி என்ற பட்டம் நிலைத்ததற்கு வ.ரா.வின் குரலைவிட இவ்வகை வாசிப்புகளே உறுதியான அடித்தளம். பட்டத்துக்கு மறுப்புச் சொன்ன கல்கியே, எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுப்ப வாசகர்களிடம் நிதி திரட்டி, 1947-இல் அது திறக்கப்படக் காரணமாக இருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நினைவு நூல்களைக் கையாள்வதில் கவனிக்க வேண்டியது காலம். செல்லம்மா பாரதியின் நூல் 1941-இலும் வ.ரா.வின் 'மகாகவி பாரதியார்' 1944-இலும் யதுகிரி அம்மாளின் நூல் 1954-இலும் வந்தன. நிகழ்ச்சிகள் நடந்ததோ 1918-க்கு முன். இடையில் பாரதியின் பாடல்கள் விடுதலைப் போராட்ட மேடைகளிலும் இசைத்தட்டுகளிலும் திரைப்படங்களிலும் ஒலித்து நாடறிந்துவிட்டன. முதல் சந்திப்பில் உண்மையாகவே தோன்றிய எண்ணம் எது, பிற்காலப் புகழ் அதன்மேல் பூசிய வண்ணம் எது என்று பிரிப்பது எளிதன்று. சந்தித்த அன்றே எழுதிய நாட்குறிப்பு தமிழில் அபூர்வம். வாசகர் ஒருவர் எழுத்தாளரைக் கண்டு ஏமாந்ததைப் பதிவு செய்வது அதைவிட அபூர்வம். பெரியவர்களைக் குறைவாக எழுதக் கூடாது என்ற நாகரிகம் குறுக்கே நிற்கிறது. அதனால் தமிழ் நினைவு நூல்களைப் படிப்பவருக்கு, சந்திப்பு என்றாலே மதிப்பு ஏறும் என்ற தவறான எண்ணம் உண்டாகிவிடலாம்.

ஏமாற்றத்தைச் சொல்லும் துணிவு புனைகதைக்கே அதிகம். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல் வந்தது. ஜோசஃப் ஜேம்ஸ் என்ற கற்பனை மலையாள எழுத்தாளனின் மேல் பித்துக்கொண்ட தமிழ் இளைஞன் பாலு அதில் கதைசொல்லி. நேரில் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தபோது, தமிழிலிருந்து வந்தவன் என்று அறிந்த ஜே.ஜே. கேட்பது, சிவகாமி தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்பதை. கல்கியின் தொடர்கதையைக் குத்தும் அந்த ஒற்றைக் கேள்வியில் பாலு கூசிப்போகிறான். ஆனால் ஜே.ஜே.யை அவன் விடவில்லை. அவமானம் ஈர்ப்பை இறுக்குகிறது. தமிழ் வாசகர்கள் இந்த இடத்தை இன்றும் நினைவிலிருந்து சொல்வார்கள். பிரெஞ்சில் மார்செல் ப்ரூஸ்ட் வேறு மாதிரி ஏமாற்றத்தைப் படைத்தார். பெர்கோத் என்ற எழுத்தாளனை நரைமுடியும் இனிய சோகமும் கொண்ட முதியவனாகக் கற்பனை செய்திருந்த இளைஞன், விருந்தில் காண்பது குட்டையான, நத்தைக் கூடுபோன்ற சிவந்த மூக்கும் கறுத்த குறுந்தாடியும் உள்ள ஆளை. இவ்வளவு நாள் படித்த நடையை இந்த மூக்கோடு எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் திகைக்கிறான்.

ப்ரூஸ்டுக்கு இது வேடிக்கை மட்டும் அன்று. சேந்த்-பவ் என்ற 19-ஆம் நூற்றாண்டு விமர்சகர், எழுதியவரின் வாழ்க்கை, பழக்கவழக்கம், நண்பர்கள் சொல்வது ஆகியவற்றை விசாரித்தே நூலை மதிப்பிட வேண்டும் என்று கொண்டவர். அந்த முறைக்கு மறுப்பாக ப்ரூஸ்ட் எழுதியவை அவர் மறைந்த பின் 1954-இல் வெளிவந்தன. விருந்தில் பேசும் ஆளும் நூலை எழுதும் ஆளும் வெவ்வேறு பேர் என்பது அவர் வாதம். சேந்த்-பவ் ஸ்தாந்தாலை நேரில் அறிந்தவர். ஸ்தாந்தாலின் நண்பர்களையும் அறிந்தவர். அவ்வளவு அறிந்தும் அந்த நாவல்களின் பெருமை மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. கூடத்தில் அரட்டை அடிப்பவரை அறிந்தது, நாவலாசிரியரை மறைத்துவிட்டது. இந்த வாதம் பெரும்பாலும் சரி. ஆனால் எல்லா எழுத்துக்கும் பொருந்தாது. பேச்சிலிருந்து கிளைத்த எழுத்துக்குச் சிறிதும் பொருந்தாது.

ஜெயகாந்தன் அதற்குச் சான்று. சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அவர் வீட்டு மொட்டைமாடியில் கூடிய சபை ஊரறிந்தது. அங்கே அமர்ந்து கேட்டவர்களுக்கு, கதைகளில் பாத்திரங்கள் பக்கம் பக்கமாக வாதாடுவதும் முன்னுரைகளில் ஆசிரியர் வாசகரை அதட்டுவதும் வேறாகக் கேட்கத் தொடங்கின. குறை என்று பட்டது குணமாகத் தோன்றியது. கி. ராஜநாராயணனின் வீட்டுத் திண்ணையிலும் இதுவேதான் நடந்தது. கரிசல் வட்டார வழக்கை அச்சில் கண்டு இடறியவர்கள், அவர் கதை சொல்லக் கேட்ட பிறகு தடையின்றிப் படித்தார்கள். அசோகமித்திரனின் நடை இதற்கு எதிர்முனை. அதில் உணர்ச்சி இல்லை, தட்டையாக இருக்கிறது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. தணிந்த குரலில், முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் அவர் நகைச்சுவை சொல்வதைக் கேட்டவர்களுக்கு அந்தத் தட்டை வாக்கியங்களின் அடியில் ஓடும் சிரிப்பு பிடிபட்டது. இம்மூவர் விஷயத்திலும் சந்திப்பு தந்தது புதிய தீர்ப்பு என்பதைவிடப் படிக்கும் முறை என்பதே பொருந்தும். எழுத்தில் ஏற்கெனவே இருந்ததைக் கேட்கக் காது பழகியது. இந்த ஆதாயத்தில் கலப்படம் இல்லை.

புதுமைப்பித்தனைப் பற்றிய நிலை நடுவில் இருக்கிறது. 1948-இல் அவர் மறைந்தபோது சுந்தர ராமசாமிக்கு 20 வயதுகூட ஆகவில்லை, இருவரும் சந்தித்ததில்லை. சந்திக்காத அந்த வாசகர்தான் 1951-இல் 'புதுமைப்பித்தன் நினைவு மலர்' தொகுத்தார். அதே ஆண்டு, நெருங்கிப் பழகிய தொ.மு.சி. ரகுநாதன் 'புதுமைப்பித்தன் வரலாறு' எழுதினார். வறுமை, காசநோய், வெற்றிலை, வெடிச்சிரிப்பு, எடுத்தெறிந்த பேச்சு என்று ரகுநாதன் தீட்டிய உருவம் அவ்வளவு வலிமையானது. அதற்குப் பின் வந்த தலைமுறைகள் புதுமைப்பித்தனைப் பார்த்தது போலவே படித்தார்கள். ஒருவரின் சந்திப்பு, நல்ல நினைவு நூலின் வழியாக எல்லோருக்கும் தொற்றிக்கொள்கிறது. கதைகளின் கசப்பை வாழ்க்கைக் கசப்பின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் அப்படித்தான் வந்தது. கதைகளில் உள்ள கட்டுக்கோப்பும் சோதனை முயற்சிகளும் அதனால் சில காலம் பின்னுக்குப் போயின.

சுந்தர ராமசாமி பிற்காலத்தில் 'நினைவோடை' வரிசையில் தாம் பழகிய ஜி. நாகராஜன், கிருஷ்ணன் நம்பி, பிரமிள் முதலியோரைப் பற்றிச் சொல்லிவைத்தார். புகழ்ச்சியையும் உரசலையும் அருகருகே வைக்கத் துணிந்த தொகுதி அது. அவர் 2005-இல் மறைந்ததும், அவரிடம் பலகாலம் பழகிப் பின் கருத்து வேறுபட்ட ஜெயமோகன் 'சுந்தர ராமசாமி: நினைவின் நதியில்' எழுதினார். அதைப் பற்றி அப்போது எழுந்த சர்ச்சை எப்படியிருந்தாலும், வாசகராக வந்தவர் எழுத்தாளராகி விலகுவது வரை ஓர் உறவின் முழு வளைவையும் தமிழில் காட்டும் நூல்கள் மிகச் சிலவே. அது அவற்றில் ஒன்று.

இன்றைய சந்திப்புகளின் பெரும்பகுதி சென்னையிலும் பிற ஊர்களிலும் நடக்கும் புத்தகக் கண்காட்சி அரங்குகளில் நிகழ்கிறது. கையெழுத்து, ஒரு படம், இரண்டு வார்த்தை. இதனால் நூல் விற்கும். நூலைப் பற்றிய கருத்து மாறும் அளவுக்கு எதுவும் நடப்பதில்லை. எழுத்தாளர் முகம் கொடுத்துப் பேசினால் நல்லவர், அவசரத்தில் கவனிக்காமல் போனால் தலைக்கனம் என்ற அளவில் முடிந்துவிடும். ஒரு நிமிட முகபாவத்தை வைத்து நாவலை எடைபோடும் வாசகர் சேந்த்-பவைக் காட்டிலும் மோசமான விமர்சகர். நீண்ட பழக்கம் ஒன்றே கருத்தை உண்மையில் நகர்த்தும். அதுவும் மேலே கண்டபடி, பேச்சோடு ஒட்டிய எழுத்தில் வெளிச்சமாகவும், மௌனமாகப் படிக்க வேண்டிய எழுத்தில் பெரும்பாலும் இடைஞ்சலாகவும்.

ஜெயகாந்தன் 2015-இலும் அசோகமித்திரன் 2017-இலும் பிரபஞ்சன் 2018-இலும் கி. ராஜநாராயணன் 2021-இலும் மறைந்தார்கள். அவர்களோடு ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகிய வாசகர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பாரதியைக் கண்டவர்கள்போல முப்பது ஆண்டு காத்திராமல், நினைவு தெளிவாக இருக்கும்போதே அவர்கள் எழுதி வைக்க வேண்டும். முதலில் எழுத வேண்டியது, எழுத்தாளரைச் சந்திப்பதற்கு முன் அந்த நூலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை.